எட்டடி மீன் தொட்டி: கண்ணாடியா, சிமெண்டா, பிளைவுட்டா?

நான்கடி கண்ணாடித் தொட்டியில் என் இரண்டு ஆஸ்கார் மீன்களும் ஒரு சாணைத் தாண்டி வளர்ந்துவிட்டன. ஒன்று திரும்ப வேண்டுமென்றால் இன்னொன்று மூலையில் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆஸ்கார் நன்றாக வளர்ந்தால் 30 செ.மீ. வரும். ஒன்றேகால் அடி அகலத் தொட்டியில் அது உடம்பை வளைத்து வளைத்துத் திரும்புவதைத் தினமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மனசு ஒப்பவில்லை. பெரிய தொட்டி கட்டுவது என்று முடிவானது. எதில் கட்டுவது என்று முடிவாக மட்டும் நான்கு மாதம் ஆனது.

அந்த நான்கு மாதத்தில் கொளத்தூர் மீன் கடைக்காரர்கள், ஒரு ஆசாரி, ஒரு கொத்தனார், ஃபைபர் வேலை செய்கிற ஒருவர் என்று பலரிடம் பேசினேன். ஆளுக்கொரு பதில் கிடைத்தது. கண்ணாடிக்காரர் கண்ணாடி என்றார், கொத்தனார் சிமெண்ட் என்றார். அவரவர் கைக்குப் பழகிய பொருள் அது. ஆனால் எதில் கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பவை மூன்றே விஷயங்கள்: தண்ணீரின் உயரம், தொட்டியை எத்தனை பக்கத்திலிருந்து பார்க்கப் போகிறோம், வீட்டின் எந்தத் தளத்தில் வைக்கப் போகிறோம்.

முதலில் உயரம். பெரிய தொட்டி என்றதும் எல்லோருக்கும் உயரமான தொட்டிதான் கண்ணில் வரும். எனக்கும் மூன்றடி உயர ஆசை இருந்தது. ஒரு சுவரைத் தண்ணீர் தள்ளும் விசை, நீளம் இரண்டு மடங்கானால் இரண்டு மடங்காகும். உயரம் இரண்டு மடங்கானால் நான்கு மடங்காகும். ஆறடி நீளச் சுவருக்குப் பின்னால் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது ஏறக்குறைய 85 கிலோ எடையளவு தள்ளும். அதையே இரண்டடி ஆக்கினால் 300 கிலோவைத் தாண்டிவிடும். வடிவத்தை மாற்றாமல் உயரத்தை இரட்டிப்பாக்கினால் கண்ணாடியின் கனமும் சுமார் 2.8 மடங்கு வேண்டும். மீனுக்கோ உயரம் பெரிதாக உதவாது. ஆஸ்காருக்கு வேண்டியது நீந்த நீளமும் திரும்ப அகலமும்தான். சென்னை வெயிலில் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும்போது ஒரு லிட்டரில் கரையக்கூடிய ஆக்ஸிஜன் சுமார் 7.5 மில்லிகிராம்தான், 20 டிகிரியில் அது 9 மில்லிகிராம். காற்றோடு உறவாடும் மேல்பரப்பு அகலமாக இருந்தால் கோடையில் மீன் மூச்சு வாங்காது. அதனால் உயரத்தை இரண்டடியில் நிறுத்திவிட்டு அகலத்தை நான்கடி ஆக்கினேன்: 8 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரம். இரண்டு அங்குலம் குறைவாகத் தண்ணீர் விட்டால் சுமார் 1,550 லிட்டர்.

அடுத்தது தளம். 1,550 லிட்டர் என்றால் 1,550 கிலோ. மணல், கல், தொட்டி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் இரண்டு டன்னை நெருங்கும். இந்தத் தொட்டி தரையில் பிடிக்கும் இடம் மூன்று சதுர மீட்டர்தான். ஒரு சதுர மீட்டருக்கு 650 கிலோ விழுகிறது. நம் ஊரில் குடியிருப்பு வீட்டுத் தளத்தை வடிவமைக்கும்போது ஆட்களும் சாமானுமாகப் புழங்கும் பாரமாக எடுத்துக்கொள்வது சதுர மீட்டருக்கு 200 கிலோ. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். மாடி வீட்டில் இருப்பவர்கள் கட்டட இன்ஜினியரை அழைத்து வந்து காட்டாமல் இதில் இறங்கவே கூடாது. என்னுடையது தரைத்தள வீடு, அதனால்தான் துணிந்தேன்.

முழுக் கண்ணாடி

நான்கடி, ஐந்தடி வரை கண்ணாடியை மிஞ்ச ஒன்றும் கிடையாது. கடைக்காரர் ஒரே நாளில் ஒட்டிக் கொடுத்துவிடுவார், நான்கு பக்கமும் மீன் தெரியும், கசிந்தால் எங்கே என்று கண்ணால் பார்க்கலாம். அந்த அளவில் பிளைவுட் யோசனையே வேண்டாம். செலவும் மிச்சமாகாது, வேலையும் அதிகம்.

எட்டடிக்கு நாலடி என்று வரும்போது கதை மாறுகிறது. கண்ணாடி ஒரு மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ எடை. 15 மி.மீ. கண்ணாடியில் இந்தத் தொட்டியைச் செய்தால் வெறும் கண்ணாடியே 270 கிலோ. வெளியில் ஒட்டி எடுத்து வருவதென்றால் நான்கடி அகலப் பெட்டியை வாசல் வழியாக நுழைப்பது எப்படி? வீட்டுக்குள்ளேயே வைத்துத்தான் ஒட்ட வேண்டும். அதைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறு. முழுக் கண்ணாடித் தொட்டியில் சுவரை வெளியே விழாமல் பிடித்து வைத்திருப்பது மூலையில் இருக்கும் சிலிக்கான் பசை மட்டுமே. தண்ணீர் அந்த ஒட்டைப் பிரிக்கும் திசையில் இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. திறமையான கை ஒட்டினால் பல வருஷம் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் என் தொட்டி மூன்று பக்கம் சுவரை ஒட்டி நிற்கப் போகிறது. பார்க்கப் போவது ஒரே பக்கம். மற்ற மூன்று பக்கத்துக்கும் அடிக்கும் எதற்குக் கண்ணாடி?

சிமெண்ட்

முற்றமோ தோட்டமோ இருந்து, வீடும் சொந்தமாக இருந்தால், என்னைக் கேட்டால் சிமெண்ட் தொட்டிதான் முதல் தேர்வு. கொத்தனார் எங்கும் கிடைப்பார், கரையான் பயம் இல்லை, முப்பது வருஷம் இருக்கும். புதுச் சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கித் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும் என்பது உண்மைதான். வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊறவிட்டு, பலமுறை தண்ணீர் மாற்றிய பிறகே மீன் விடுவது வழக்கம். பொறுமை இருந்தால் இது ஒரு குறையே இல்லை.

கூடத்துக்குள் கட்டுவதில்தான் சிக்கல். எடை இன்னும் கூடும், ஒருமுறை கட்டினால் நகர்த்த முடியாது, இடிப்பதென்றால் வீடே தூசி. கண்ணாடி ஜன்னல் பொருத்தும் இடத்தில் சிமெண்டும் சிலிக்கானும் நேரடியாக ஒத்துப்போவதில்லை, நடுவில் ஒரு பூச்சு கட்டாயம். வாடகை வீட்டில் இதை நினைத்தே பார்க்க முடியாது.

பிளைவுட்

மரத்தில் தண்ணீர்த் தொட்டியா என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அப்போது எனக்குக் கைகொடுத்தது கன்னியாகுமரிக் கடற்கரை. முட்டத்தில் 1980களிலேயே, கோட்டாறு சமூக சேவை சங்கத்தின் முயற்சியில், மீனவர்களுக்குப் பிளைவுட் படகு கட்டினார்கள். உப்புத் தண்ணீர், அலை, மணலில் இழுபடுவது எல்லாவற்றையும் அந்தப் பலகை தாங்கியது. படகு தண்ணீரை வெளியே நிறுத்துகிறது, தொட்டி உள்ளே நிறுத்துகிறது. பலகைக்குத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டால் இரண்டும் ஒரே வேலைதான்.

பிளைவுட்டின் பெரிய லாபம் அளவிலேயே இருக்கிறது. கடையில் பலகை வருவது எட்டுக்கு நான்கு. ஒரு முழுப் பலகை அப்படியே அடித்தளம். இன்னொன்றை நீளவாக்கில் சரிபாதியாக அறுத்தால் முன்சுவர், பின்சுவர். மூன்றாவதில் பாதியை எடுத்தால் இரண்டு பக்கச் சுவர்கள், மீதிப் பாதியில் மேல் சட்டமும் குறுக்குச் சட்டங்களும். முன்சுவரை இரட்டையாக்கும் பலகையைத் தவிர்த்துப் பார்த்தால், 19 மி.மீ. பலகை மூன்றில் தொட்டி முடிந்துவிடும், துண்டு துணுக்குக்கூட அதிகம் மிஞ்சாது. துளை போடுவதும் சுலபம். ஃபில்டருக்குப் போகும் குழாய்க்கு ஆசாரி ஒரு நிமிஷத்தில் ஓட்டை போட்டார். (அந்த ஓட்டையின் உள்விளிம்பில் மரம் பச்சையாகத் தெரியும், அங்கே பூச்சு பூசாமல் நிப்பிளை (குழாயை இணைக்கும் துண்டு) முடுக்கினால் தொட்டி அழுக ஆரம்பிக்கும் முதல் இடம் அதுதான்.)

பலகை தேர்வில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளை வாங்குங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பிரியாத பசையில் ஒட்டியது அது. ஐ.எஸ். 303 பலகை சமையலறை அலமாரிக்குப் போதும், இதற்கு வேண்டாம். முத்திரையை நம்பி மட்டும் எடுத்துவிடாமல் நான்கு விளிம்பையும் உற்றுப் பாருங்கள், பலகை முழுக்க விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். மலிவான பலகையில் உள் அடுக்குகளுக்கு நடுவே சந்து இருக்கும். அந்த இடத்தில் சத்தம் பொக்கென்று வரும்.

பூச்சில்தான் உயிர் இருக்கிறது

பிளைவுட் தொட்டி நிற்பதும் கவிழ்வதும் உள்பூச்சில்தான். நான்கு வழிகளைப் பார்த்தேன்.

மொட்டைமாடிக்கு அடிக்கும் வாட்டர்ப்ரூஃப் பூச்சுகள் சுலபமாகக் கிடைக்கும். பலவற்றில் பாசி, பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருக்கும். மழையைத் தாங்குவது வேறு, வருஷம் முழுக்கத் தண்ணீருக்குள் கிடப்பது வேறு. டப்பாவில் குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று தெளிவாக இல்லாத எதையும் மீனுக்குப் பக்கத்தில் கொண்டுவர மாட்டேன்.

ரப்பர் ஷீட் அல்லது தார்ப்பாய் விரிப்பது இரண்டாவது வழி. ஜன்னல் இல்லாத, மேலிருந்து மட்டும் பார்க்கிற தொட்டிக்கு இதைப்போல் வேகமான வழி கிடையாது. ஒரு மதியத்தில் முடித்துவிடலாம். ஆனால் ஜன்னலுக்காக அந்த ஷீட்டை வெட்டிய நிமிஷமே அதன் அருமை போய்விடுகிறது. வெட்டிய ஓரத்தைக் கண்ணாடியோடு நீர் புகாமல் இணைப்பது மற்ற எல்லா வேலையையும்விடக் கடினம். மூலை மடிப்புகளில் அழுக்கும் சேரும்.

மூன்றாவது, பாலியெஸ்டர் ரெசினும் (காய்ந்தால் இறுகும் பிசின்) ஃபைபர் மேட்டும் (கண்ணாடி இழை விரிப்பு). விலை குறைவு, வேலை தெரிந்தவர்களும் நிறைய. மரத்தோடு அதன் பிடிப்பு எப்பாக்ஸி (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் இன்னொரு பிசின்) அளவுக்கு வராது, காயும்போது சுருங்கவும் செய்யும். வீட்டுக்குள் செய்தால் அந்த நெடி வாரக்கணக்கில் நிற்கும். வேலை தெரிந்தவர் தடிமனாக, ஒரு தனித் தொட்டி போலவே உள்ளே வார்த்துக் கொடுத்தால் நன்றாக உழைக்கும். நாமே கற்றுக்கொண்டு செய்வதென்றால் சரிப்படாது.

நான் எடுத்தது நான்காவது: கரைப்பான் இல்லாத எப்பாக்ஸியும் நெய்த கண்ணாடி இழைத் துணியும். மரத்தை இறுகப் பிடிக்கும், பெரிதாகச் சுருங்காது, நன்கு இறுகிய பிறகு மீனுக்குக் கெடுதல் இல்லை. விலைதான் குத்தும். இந்தத் தொட்டியில் பணம் அதிகம் போனது எப்பாக்ஸிக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும்தான். பலகைச் செலவு அதற்குப் பிறகுதான்.

எப்பாக்ஸி கறாரான பொருள். ரெசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில், தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரை ஒரு கை கூட விட்டால், அது என்றைக்கும் இறுகாது. கலந்ததை மக்கில் வைத்துக்கொண்டு வேலை செய்யவும் கூடாது. நான் முதல் நாள் அப்படித்தான் செய்தேன். பத்து நிமிஷத்தில் மக்கு கையைச் சுட்டது, புகை வந்தது, அப்படியே கல்லாகிவிட்டது. அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி வைத்தால் சூடு வெளியேறும், நேரமும் கிடைக்கும்.

என் பெரிய தவறு அடுத்து நடந்தது. ஐப்பசி மழை நேரத்தில் வேலையை ஆரம்பித்தேன். முதல் பூச்சு காய்ந்த மறுநாள் காலையில் தடவிப் பார்த்தால், சமைத்த சட்டியைச் சரியாகக் கழுவாதது போல ஒரு வழவழப்பு. ஈரக் காற்றில் எப்பாக்ஸி காயும்போது மேலே படியும் மெழுகு போன்ற படலம் அது. எனக்கு அப்போது தெரியாது. துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு இரண்டாவது பூச்சை அடித்தேன். நான்கு நாள் கழித்து ஒரு மூலையில் நகத்தை வைத்ததும் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து வந்தது. உரிக்க உரிக்க வந்துகொண்டே இருந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அந்தப் படலம் வெறும் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்தாலே போய்விடும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் கழுவி, காயவைத்து, லேசாக உப்புத்தாள் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முடிந்தால் தை, மாசியில் வேலையை வையுங்கள்.

இன்னொன்று மூலைகள். இழைத் துணி செங்குத்தான மூலையில் படியாது, பின்னால் காற்று நின்றுவிடும். மொட்டைமாடியில் கைப்பிடிச்சுவர் தரையைச் சேரும் இடத்தைக் கொத்தனார் வளைத்துப் பூசுவார் இல்லையா, அதே மாதிரி எப்பாக்ஸியில் மரத்தூளைக் கலந்து களிம்பாக்கி, மூலையெல்லாம் ஸ்பூனின் பின்பக்கத்தால் வளைத்துப் பூசினேன். அதன் மேல் துணி அழகாகப் படிந்தது. மூட்டுகளில் ஸ்டெயின்லெஸ் திருகாணி, கூடவே பசை. வெறும் ஆணி உதவாது.

ஜன்னல்

கண்ணாடியை வெளியிலிருந்து பொருத்தி, சுற்றிச் சட்டம் அடிக்கலாம் என்று வரைந்து வைத்திருந்தேன். படத்தைப் பார்த்த ஆசாரி, "அண்ணே, தண்ணி உள்ள இருந்துதானே தள்ளும்? கண்ணாடியை உள்ள வைங்க, அதுவே சட்டத்துல போய் ஒட்டிக்கும்" என்றார். ஒரு வரியில் எல்லாம் விளங்கிவிட்டது. முழுக் கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் ஒட்டைப் பிரிக்கிறது. இங்கே அதே தண்ணீர் கண்ணாடியைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. சிலிக்கானுக்கு அடைப்பது மட்டுமே வேலை, தாங்குவது அல்ல. பிளைவுட் தொட்டியை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

முன்சுவரில் ஏழடிக்கு 17 அங்குலம் வெட்டினோம். சுற்றிலும் ஒன்றரை அங்குலம் ஏறும்படி கண்ணாடி. நான்கு பக்கமும் சட்டம் தாங்குவதால், கண்ணாடி தன் குறுகிய பக்கத்தில்தான் வளைய வேண்டியிருக்கிறது, 12 மி.மீ. தாராளமாகப் போதும், எடை 34 கிலோ, இருவர் தூக்கிவிடலாம். ஆனால் வெட்டிய பிறகு மேலே மிஞ்சுவது மூன்றரை அங்குலப் பட்டைதான். அதை அப்படியே விட்டால் தண்ணீர் ஏறும்போது வில்லாக வளையும். முன்சுவரை இரட்டைப் பலகையாக்கி, மேலே சுற்றிலும் ஆறு அங்குலச் சட்டமும் குறுக்கே இரண்டு கட்டைகளும் கொடுத்தோம்.

அக்ரிலிக் வைக்கலாமே என்று கேட்பார்கள். எடை கண்ணாடியில் பாதிகூட இல்லை, தெளிவும் அதிகம். ஆனால் ஒரே கனத்தில் கண்ணாடியைவிட இருபது மடங்குக்கு மேல் வளையும், சிலிக்கான் அதில் சரியாகப் பிடிக்காது, துடைக்கும் பஞ்சில் ஒரு மணல் துகள் இருந்தால் கோடு விழும். பெரிய காட்சிசாலைகளுக்கு அது சரி. டஃபன்ட் கண்ணாடி (சூடாக்கி உரமேற்றியது) பலம்தான், ஆனால் செய்த பிறகு அறுக்கவோ துளைக்கவோ முடியாது, ஓரத்தில் அடிபட்டால் மொத்தமும் ஒரே நொடியில் பொடியாகும். 1,550 லிட்டர் தண்ணீருக்கு முன்னால் எனக்கு அந்தத் தைரியம் இல்லை. சாதாரணக் கண்ணாடியை ஓரம் பாலிஷ் போட்டு வாங்கினேன். சிலிக்கான் வாங்கும்போது பூஞ்சை மருந்து கலக்காதது என்று பார்த்து எடுங்கள். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் மூன்று மி.மீ. துண்டுகளை வைத்துத்தான் அழுத்தினோம், இல்லாவிட்டால் சிலிக்கான் முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

ஸ்டாண்டுக்கு மரம் வேண்டவே வேண்டாம். தரைத்தளம், ஈரம், இருட்டு மூன்றும் சேர்ந்த இடம் கரையானுக்குப் பிடித்த இடம். இரும்பு சதுரக் குழாய் ஸ்டாண்ட் அடித்து, டியூப் லெவல் பிடித்து நான்கு மூலையையும் சரி பார்த்தோம்.

தண்ணீரை ஒரேயடியாக நிரப்பவில்லை. தினம் ஆறு அங்குலம். பக்கத்தில் ஒரு வாளியில் தண்ணீர் வைத்து, தொட்டியிலும் வாளியிலும் டேப் ஒட்டி அளவு குறித்தேன். காற்றில் வற்றுவது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தொட்டி மட்டும் கூடுதலாகக் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். முதல் இரண்டு நாள் ஒரே அளவு. மூன்றாம் நாள் தொட்டி இரண்டு மி.மீ. அதிகம் குறைந்திருந்தது. டார்ச் அடித்து, அடிப்பலகைக்குக் கீழே செய்தித்தாளைத் துண்டு துண்டாகச் செருகி வைத்தேன். காலையில் ஒரே ஒரு துண்டில் எட்டணா அளவு ஈரம். நிப்பிளின் வாஷருக்கு நேர் கீழே. முடுக்கினதும் நின்றது.

வாடகை வீடு, மாடி வீடு, இரண்டு மாதம் உப்புத்தாளோடு உட்கார நேரமில்லாதவர் என்றால் ஐந்தடிக் கண்ணாடித் தொட்டி வாங்கி, அதற்கேற்ற சின்ன மீனாக வளர்ப்பதே மீனுக்கு நல்லது. முற்றம் இருந்தால் சிமெண்ட். கூடத்தில், தரைத்தளத்தில், ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற ஆறடிக்கு மேற்பட்ட தொட்டி என்றால் பிளைவுட், எப்பாக்ஸி, உள்ளிருந்து வைத்த கண்ணாடி ஜன்னல்.

மாதம் ஒருமுறை கையைத் தொட்டிக்கு அடியில் விட்டுப் பலகை முழுக்கத் தடவிப் பார்க்கிறேன், குளிர்ச்சியாகவோ நைந்தோ ஏதாவது இடம் இருக்கிறதா என்று. நான் குனிவதைக் கண்டதும் இரண்டு ஆஸ்கார்களும் சாப்பாடு என்று நினைத்து ஜன்னலுக்கு வந்துவிடும். வந்த வேகத்திலேயே ஒரே வீச்சில் திரும்பியும் போகின்றன.